வரப்பை வெட்டிய வியாழக்கிழமை

மார்கழி பதினொன்றாம் தேதி, வியாழக்கிழமை.

ஐந்து மணிக்கு எழுந்தேன். வாசல் தெளித்துக் கோலம் போட்டேன். டேங்க்குக்கு மோட்டாரைப் போட்டுவிட்டு, பால் காய்ச்சி, காபியோடு பேப்பரை விரித்தேன். கீழ்வேளூர்ப் பக்கத்தில் யாரும் தலைப்புச் செய்தியை முதலில் படிப்பதில்லை. மேட்டூர் நீர்மட்டம் உள்பக்கத்தில் சின்னக் கட்டத்துக்குள் இருக்கும். அதைத்தான் பார்ப்போம். முந்தைய நாளைவிடக் குறைவு. மழையும் இல்லை. பேப்பரை மடித்து வைத்தேன்.

அன்று பகலில் எனக்கு முறை.

டெல்டாவுக்கு வெளியே இருந்து இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். தண்ணீர் குறைந்துவிட்டால் எங்கள் வாய்க்காலில் எல்லோரும் ஒரே சமயத்தில் மடை திறக்க முடியாது. ஆளுக்கு இவ்வளவு நேரம் என்று, ஏக்கர் கணக்குப்படி, பாசனச் சங்கம் பிரித்துக் கொடுக்கும். உங்கள் நேரத்தில் வாய்க்கால் முழுக்க உங்களுடையது. அதுதான் முறை. கடைசி வயலில் ஆரம்பித்து மேலே மேலே போகும். கடைமடைக்காரர் பாவம், அவருக்குத்தான் முதல் தண்ணீர் என்று எப்போதோ யாரோ நல்ல மனதோடு போட்ட ஏற்பாடு.

இட்லி ஊற்றிக்கொண்டிருந்தபோது கொல்லைப் பக்கம் இந்திரா வந்து நின்றாள். என் வயலுக்குக் கீழே இருக்கும் கடைசி வயல் அவளுடையது... இல்லை, சரியாகச் சொல்ல வேண்டும் — அவள் குத்தகைக்கு எடுத்தது. நிலத்துக்காரர் சிங்கப்பூரில் இருக்கிறார். போர்வெல் போட்டுத் தர மாட்டார்.

"அக்கா, நேத்து எங்க முறை."

"தண்ணி வந்துச்சா?"

"வந்துச்சு. எட்டிப் பாத்துட்டுப் போயிடுச்சு."

அவளுக்கே சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

"கதிர் தொண்டையில நிக்குதுக்கா. இப்ப தண்ணி காணலன்னா அத்தனையும் பதரு. இந்த வருஷம் போனாப் போவுதுன்னு விட்டாக்கூட, அடுத்த வருஷம் நிலம் கெடைக்காது. காயப்போட்டவளுக்கு எதுக்கு நிலம்னு வேற ஆளைப் பாத்துடுவாரு."

தண்ணீர் ஏன் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது? சங்கத்தின் கடிகாரம் தலைமதகில் ஷட்டரைத் தூக்கும் நிமிஷத்தில் ஓட ஆரம்பிக்கிறது. ஆனால் காய்ந்த வாய்க்கால் முதலில் தான் குடிக்கும். வெடிப்பெல்லாம் நனைந்து மூடிய பிறகுதான் தண்ணீர் நடக்கும். அது இந்திராவின் மடைக்கு வரும்போது அவள் நேரம் முடிந்துவிடும். தண்ணீர் தாராளமாக வந்த காலத்தில் முதல் முறை என்பது மரியாதை. இப்போது? ஊருக்கெல்லாம் வாய்க்காலை நனைத்துக் கொடுக்கிற வேலை! அவள் நனைத்த வாய்க்காலில் மறுநாள் என் வயலுக்குத் தண்ணீர் ஓடி வரும். சட்டப்படி இருவரும் சமம்.

எனக்குப் போர் இருக்கிறது. லேசாகக் கரிக்க ஆரம்பித்துவிட்ட தண்ணீர்தான். கடல் பக்கத்தில் இருக்கிறது. குடிநீர்க் குழாய், இறால் குட்டை, கல்யாண மண்டபம், நான் — எல்லோரும் ஒரே டம்ளரில் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சிக்கொண்டிருக்கிறோம். வாய்க்கால் தண்ணீர் வந்து அலசிவிட்டால் என் வயலுக்கும் நல்லது. ஆனால் ஒரு முறை வராவிட்டால் என் பயிர் செத்துவிடாது. அவள் பயிர் செத்துவிடும்.

"என் முறையை நீ எடுத்துக்க" என்றேன்.

"விடுவாங்களாக்கா?"

"என் முறைடி! யாரு விடணும்?"

யார் விட வேண்டும் என்பது அரை மணி நேரத்தில் தெரிந்தது.

கோவிந்தராசு அண்ணன்தான் சங்கத் தலைவர். என் வயலுக்கு மேல் வயல்காரரும் அவரே. மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"அது எப்படிம்மா முடியும்? முறை கைமாறக் கூடாது. நீங்க எடுக்கலன்னா அடுத்த மேல் வயலுக்குப் போவும்."

"அடுத்த மேல் வயல் யாருதுண்ணே?"

"என்னுதுதான்."

"ரொம்ப வசதியான சட்டம்."

"நக்கல் வேணாம்மா." கையை உதறிக்கொண்டு நிமிர்ந்தார். "எங்கப்பா காலத்துல ஒரு பண்ணைக்காரன், காஞ்ச வருஷத்துல இல்லாதப்பட்டவன் முறையெல்லாம் காசு குடுத்து வாங்கிட்டான். எங்க வயல் வெடிச்சுக் கெடக்கு, அவன் வயல்ல மீன் துள்ளுது. அப்பறந்தான் ஊர் கூடி இதைப் போட்டுச்சு. இன்னிக்கு நீங்க சும்மா குடுப்பீங்க. நாளைக்கு ஒருத்தன் சும்மா குடுத்தேன்னு சொல்லிட்டு வித்துட்டுப் போவான். யாரு கூட இருந்து பாக்கிறது?"

நியாயமான பேச்சு. இல்லாதவர்களைக் காப்பாற்றப் போட்ட சட்டம்தான். அதே சட்டம் இன்று இல்லாதவள் கழுத்தைப் பிடித்திருக்கிறது. அதைப் போட்டவர்கள் இன்று இருந்திருந்தால் என்ன செய்திருப்பார்கள்? கட்டாயம் மாற்றியிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். அவர்களுக்குத் துணிச்சல் இருந்தது. அவர்கள் போட்டதைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும் நமக்குத்தான் இல்லை.

வீட்டுக்கு வந்து பீர்க்கங்காய்த் தோல் சீவினேன். சீவச் சீவ ஒன்று தெளிவானது. முறை கைமாறக் கூடாது, அவ்வளவுதானே? சரி, மாற வேண்டாம். என் முறையை நானே எடுக்கிறேன். என் மடை வழியாக என் வயலுக்குள் வந்த தண்ணீரை நான் என்ன செய்ய வேண்டும் என்று எந்தத் தீர்மானத்தில் எழுதியிருக்கிறது?

பகல் முறை வந்ததும் மடையைத் திறந்தேன். தண்ணீர் உள்ளே வந்தது. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு எனக்கும் இந்திராவுக்கும் நடுவில் இருந்த வரப்புக்குப் போனேன். அவள் ஓடி வந்தாள்.

"வேணாம்க்கா. உங்களை ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. என்னையத்தான் சொல்லுவாங்க."

"நீ அந்தப் பக்கம் தள்ளி நில்லு. வரப்பு என்னுது. வெட்டுறதும் நான்தான்."

வெட்டினேன். வயலுக்கு வயல் தண்ணீர் பாய்வது இந்த ஊரில் புதிதா என்ன? வாய்க்கால் எட்டாத வயலுக்கெல்லாம் அப்படித்தானே பாய்ச்சினார்கள்! என் வயலைத் தாண்டி அவள் வயலில் இறங்கிய தண்ணீரை வெடிப்புகள் குமிழி விட்டுக்கொண்டே குடித்தன. இந்திரா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மேட்டுப் பக்கம் தண்ணீர் ஏறுவதற்காகக் காலால் சேற்றை ஒதுக்கிக்கொண்டே போனாள். அதன் பிறகு வேணாம் என்று சொல்லவில்லை.

சாயங்காலம் சங்கக் கட்டடத்துக்குக் கூப்பிட்டார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள் நிரம்பியிருந்தன. குடும்பத் தகராறுக்குக்கூட இவ்வளவு கூட்டம் வராது.

"இது முறைகேடும்மா" என்றார் கோவிந்தராசு.

"என் முறையை நான் எடுத்தேன். எங்கண்ணே கேடு?"

"எடுத்து அவளுக்கு விட்டீங்கல்ல?"

"என் வயல் ரொம்பிடுச்சு. வழிஞ்சுது."

பின்வரிசையில் சிரிப்பு. அவர் முகம் சிவந்தது.

"உங்க வயல்ல நாளைக்கு உப்புப் பூத்தா சங்கத்துக்கிட்ட வந்து நிக்கக் கூடாது."

"வரமாட்டேன். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். மேல இருக்கற ஸ்டேட்டு தண்ணி விடலன்னு ரோட்ல உக்காந்தோமே, நீங்கதான் பேனரை முன்னாடி பிடிச்சிருந்தீங்க. அதுல என்ன எழுதியிருந்துச்சு?"

நானே சொன்னேன். "பற்றாக்குறையையும் பங்கு போடு. அதானே? மேல இருக்கறவன் நம்மகிட்டப் பங்கு போடணும். நம்ம வாய்க்கால்ல நாம போட மாட்டோமா?"

இரண்டு திருத்தம் கேட்டேன். ஒன்று, ஷட்டரைத் தூக்கும் நேரத்திலிருந்து கணக்கு வேண்டாம். அவரவர் மடைக்குத் தண்ணீர் வந்து சேரும் நேரத்திலிருந்து கணக்கு. இரண்டு, தண்ணீர் குறைந்த காலத்தில் போர் இருப்பவர்களுக்குக் கடைசி முறை. நானும் அதில் உண்டு.

"அப்ப போர் போட்டவனெல்லாம் முட்டாளா?" என்று ஒரு குரல். "கடனை வாங்கிப் போட்டது நாங்க."

"முட்டாள் இல்ல. தப்பிச்சவங்க. தப்பிச்சவங்க கொஞ்சம் பொறுத்துக்கலாம்."

எத்தனை பேர் தலையாட்டினார்கள், எத்தனை பேர் முறைத்தார்கள் என்று நான் எண்ணவில்லை. தலையாட்டியவர்களில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. இந்திரா கதவோரம் நின்றிருந்தாள். நிலம் அவள் பெயரில் இல்லை. அதனால் நாற்காலியும் இல்லை. 'கொஞ்சம் தள்ளி உக்காருங்க' என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லி, என் நாற்காலியில் பாதியை அவளுக்குக் கொடுத்தேன்.

முடிவு: திருத்தம் பற்றிப் பொங்கலுக்குப் பிறகு பேசிக்கொள்ளலாம். வரப்பில் வெட்டிய வாயை மறுநாள் பொழுது சாய்வதற்குள் அடைத்துவிட வேண்டும். அந்த வாய் திறந்து கிடந்தால் அடுத்த சுற்றில் என் முறை ரத்து.

பொங்கலுக்குப் பிறகா? அப்போது அந்த வயலில் பேச என்ன மிச்சம் இருக்கும்? அன்று பாய்ந்தது ஒரு நனைப்பு. கதிரில் பால் பிடிக்க இன்னொன்று வேண்டும். இது அங்கே உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் தெரியும்.

தெருமுனையில் இந்திரா கேட்டாள். "அடைச்சிடுவீங்களாக்கா?"

"அடைக்கச் சொல்லியிருக்காங்களே. அடைக்காம?"

அவள் திரும்பிப் போனாள். அவளிடம் அப்போதே விளக்கியிருக்கலாம். ஆனால் எனக்கே அப்போது பாதிதான் தெரிந்திருந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. முதல் வேலையாகக் கீழ்வேளூர் ஹார்டுவேர் கடை வாசலில் போய் நின்றேன். கடைக்காரர் ஷட்டரைத் தூக்கிக்கொண்டே என்ன வேண்டும் என்றார். வரப்பு அடைக்க வேண்டும், நடுவில் வைக்க ஒரு பைப் கொடுங்கள், வேண்டும்போது திறந்து மூடுகிற மூடி போட்டது என்றேன்.

"நாலு இன்ச்சு போதுமாம்மா?"

"ஆறு குடுங்க."