கிருஷ்ணவேணியின் புளிக் கிண்ணம்

கிருஷ்ணவேணி பின்வாசல் குழாயடியில் உட்கார்ந்து பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் பாத்திரம் துலக்குவது அவள் வேலை. துலக்கியதை எடுத்து மறுபடி அழுக்காக்கிக் குழாயடியில் போடுவது அவள் கணவர் தேவநாதனின் வேலை. இருவரும் அவரவர் வேலையில் குறை வைக்காததால் குடும்பம் ஒழுங்காக நடந்தது. குண்டான், கரண்டி எல்லாம் தேய்த்து முடித்தபின் கடைசியாகப் பச்சைக் கிண்ணத்தை எடுத்து, நார் போடாமல், வெறும் கையால் கழுவிக் கவிழ்த்தாள்.

பிரம்மதேசத்துக்குப் பக்கத்தில் அவர்கள் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடும் கொல்லையில் கிணற்றை ஆழப்படுத்தியபோது, ஜேசிபி வாரிக் கொட்டிய சேற்றில் உடையாமல் வந்த கிண்ணம் அது. "எவனோ துன்னுட்டுப் போட்டது" என்று தேவநாதன் வரப்புக்கு அப்பால் வீசப் போனார். கிருஷ்ணவேணிதான் பிடுங்கிக் கழுவிப் பார்த்தாள். உப்பில் ஊறிய நெல்லிக்காயின் நிறம். அடியில் இரண்டு மீன்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தன. அவற்றின் மேல் கண்ணாடியை உருக்கி ஊற்றினாற்போல் கனமான மெருகு. மெருகுக்குள் தலைமயிர் அளவில் கீறல்கள் வலைபோல ஓடின. விரலால் தடவினால் ஒன்றும் தட்டுப்படாது. புளி, பித்தளையையும் தின்னும், அலுமினியத்தையும் தின்னும். இதை ஒன்றும் செய்யவில்லை. அன்றிலிருந்து அது புளி ஊறவைக்கும் கிண்ணம். மீன் வாங்காத நாளிலும் புளித்தண்ணீரில் இரண்டு மீன் கிடப்பது அவளுக்கு ஒரு திருப்தி.

இப்படிச் சும்மா கிடந்த கிண்ணத்துக்கு யோகம் பாண்டுரங்கன் உருவில் வந்தது.

பாண்டுரங்கன் விழுப்புரத்துக்காரர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் ஒரு வரலாற்று மன்றம் தொடங்கி, தலைவர், செயலாளர், பொருளாளர் மூன்றுமாகத் தானே இருந்து வந்தார். பிரம்மதேசம் கோயில் கல்வெட்டைப் படிக்க வந்தவர் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டு இவர்கள் வீட்டுக்குள் நுழைந்தார். தண்ணீரைக் குடிக்காமல், அடுப்படியைப் பார்த்தபடி நின்றுவிட்டார்.

"அம்மா, அதுல இன்னா ஊற வச்சிருக்கீங்க?"

"புளிங்க. கொழம்புக்கு."

"புளியா! செலடான்மா இது! சீன தேசத்துப் பச்சைப் பீங்கான். கப்பல்ல வந்தது. எழுநூறு, எண்ணூறு வருஷம் இருக்கும். பச்சை ரத்தினத்துக்கு ஈடா வச்சிப் பார்த்தாங்க இத."

கிருஷ்ணவேணி புளியைக் கரைத்து வேறு ஏனத்தில் ஊற்றிவிட்டுக் கிண்ணத்தை அவர் பார்க்கக் கொடுத்தாள். அதோடு அது அவள் கையைவிட்டுப் போயிற்று.

மறுவாரமே அந்த வீட்டுக் கூடத்துக் கண்ணாடி அலமாரியில், மகன் பள்ளிக்கூடத்தில் கபடிக்கு வாங்கிய கோப்பைக்குப் பக்கத்தில் கிண்ணம் ஏறியது. விழுப்புரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் பாராட்டு விழா நடந்தது. வாசலில் வைத்த பேனரில் பாண்டுரங்கன் ஆள் உயரம், தேவநாதன் முக்கால் ஆள் உயரம், கிண்ணம் எலுமிச்சம்பழம் அளவு. 'தொல்பொருள் காவலர்' என்று தேவநாதனுக்குப் பட்டமும் பொன்னாடையும் கொடுத்தார்கள். வரப்புக்கு அப்பால் வீசப் போனவர், "பார்த்த ஒடனே எனக்கு ஒரு பொறி தட்டிச்சிங்க" என்று மைக்கில் பேசினார். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த கிருஷ்ணவேணி முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

பாண்டுரங்கன் பேசும்போது ஒன்று சொன்னார். இந்தக் கிண்ணத்தில் விஷம் பட்டால் மெருகு வெடித்துக் காட்டிக்கொடுத்துவிடும் என்று அந்தக் கால அரசர்கள் நம்பினார்கள். அவர் சொன்னது அவ்வளவுதான். திண்டிவனத்தில் பஸ் மாறி ஊர் வந்து சேர்வதற்குள், 'நம்பினார்கள்' என்ற சொல் வழியிலேயே எங்கோ இறங்கிவிட்டது. விஷம் மட்டும் ஊருக்கு வந்தது.

எங்கள் பக்கத்தில் விஷத்தைவிட மருந்துக்குத்தான் பயம் அதிகம். டாக்டர் கொடுக்கிற மருந்தல்ல. ஆளை மயக்கித் தன் பக்கம் இழுத்துக்கொள்ளச் சோற்றில் கலந்து போடுகிற மருந்து. கல்யாணமான பையன் அம்மா பேச்சைக் கேட்காவிட்டால் பெண்டாட்டி மருந்து வைத்துவிட்டாள் என்பார்கள். அது இருக்கிறதா என்று கண்டுபிடிக்க இதுவரை ஒரு மெஷின் வரவில்லை. இப்போது வந்துவிட்டது.

முதலில் வந்தவள் பக்கத்து வீட்டு அம்சவள்ளி. அவள் மகன் பூவரசன், பெண்டாட்டி சங்கவி பேச்சைக் கேட்டுத் தனிக்குடித்தனம் போகப் பார்க்கிறான் என்பது அவள் குறை. சங்கவி அடுப்பிலிருந்து குழம்பை இறக்கி வைத்ததும், மருமகளுக்குத் தெரியாமல் ஒரு கரண்டி மொண்டுகொண்டு மதில் வழியாகவே வந்துவிட்டாள்.

"ண்ணோவ், ஜல்தி ஊத்திப் பாருண்ணா. அவ மாவரைக்கப் போயிருக்கா."

தேவநாதன் பொன்னாடையைத் தோளில் போட்டுக்கொண்டு குழம்பைக் கிண்ணத்தில் ஊற்றினார். அவர், அம்சவள்ளி, கிருஷ்ணவேணி மூவரும் குனிந்தார்கள். மெருகுக்குள்ளிருந்து 'டிங்' என்று சன்னமாக ஒரு சத்தம் வந்தது.

"அய்யய்யோ! கூவிடுச்சே!" என்று அம்சவள்ளி மாரில் அடித்துக்கொண்டாள். அன்று பொழுது சாய்வதற்குள் சங்கவி பையைத் தூக்கிக்கொண்டு மயிலத்திலுள்ள அம்மா வீட்டுக்குப் போனாள்.

பிறகு கூட்டம் சேர்ந்தது. பெருமுக்கல்லிலிருந்தும் மயிலத்திலிருந்தும் டிபன் கேரியரோடு பஸ்ஸில் வந்தார்கள். அந்தக் குழம்புகளுக்குக் கிண்ணம் வாயே திறக்கவில்லை. சொந்தத் தெருவிலிருந்து வந்தவற்றில் பாதிக்குமேல் கூவியது.

"நம்ம தெருவுலதாங்க மோசமானதுங்க ஜாஸ்தி" என்று தேவநாதன் ஆராய்ச்சி முடிவை வெளியிட்டார்.

கிருஷ்ணவேணிக்கு விஷயம் இரண்டாம் நாளே பிடிபட்டிருந்தது. பஸ்ஸில் வந்த குழம்பு ஆறிப்போனது. தெருக்குழம்பு கொதிக்கக் கொதிக்க வந்தது. சூடு பட்டால் கிண்ணம் சத்தம் போடுகிறது, அவ்வளவுதான். ஆனால் சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணம் இருந்தது. "பக்கத்து வீட்டு அத்தை கொழம்புல புளிதான் இருக்கும், ருசி இருக்காது" என்று சங்கவி தண்ணீர்த் தொட்டியருகே யாரிடமோ சொன்னது இவள் காதில் விழுந்திருந்தது. அதோடு, வந்தவர்கள் எல்லாம் "அக்கா, நீங்க சொன்னாத்தான் அண்ணன் ஊத்துவாரு" என்று அவள் முகத்தைப் பார்த்து நின்றார்கள். அவள் முகத்தை அப்படி யாரும் பார்த்து நின்றதில்லை. கிண்ணம் போனதால் எவர்சில்வர் டம்ளரில் புளி ஊறவைத்துக்கொண்டு, வந்தவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்தாள்.

ஒரு நாள் தேவநாதன் இன்னொரு பாராட்டுக்காக விழுப்புரம் போய், திரும்பும் வழியில் வெங்காய பஜ்ஜியை வயிறு கொள்ளாமல் தின்றுவிட்டு வந்தார். ராத்திரி முழுக்கப் புரண்டார். மறுநாள் பகலில் எழுந்து கூடத்தில் உட்கார்ந்தவர் முன்னால் கிருஷ்ணவேணி தட்டை வைத்து, சோறு போட்டு, கத்தரிக்காய்க் குழம்பை ஊற்றக் கரண்டியை எடுத்தாள்.

"இரு."

"இன்னாங்க?"

அவர் எழுந்துபோய் அலமாரியைத் திறந்து கிண்ணத்தை எடுத்து வந்து தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இதுல ஊத்து."

கிருஷ்ணவேணிக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. "பஜ்ஜி துன்னது நீங்க. எங்கொழம்பு இன்னா பண்ணிச்சி?"

"ஊத்துன்றன்ல."

ஊற்றினாள். அடுப்பிலிருந்து அப்போதுதான் இறங்கிய குழம்பு. 'டிங்.'

தேவநாதன் அவளை நிமிர்ந்து பார்த்தார். சங்கவியின் குழம்பு கூவியபோது அம்சவள்ளி வீட்டுப் பக்கம் பார்த்த அதே பார்வை.

"சூடுங்க அது," என்றாள் கிருஷ்ணவேணி. குரல் இப்போது வேறாக இருந்தது. "கொதிக்க ஊத்தினா கூவும். ஆறினதுக்குக் கூவாது. முன்னமே தெரியும் எனக்கு. தோ பாருங்க." கிண்ணத்தைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து, கெட்டிலில் வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்து அவர் கண்ணெதிரிலேயே ஊற்றினாள். கிண்ணம் ஒன்றுக்கு இரண்டாகவே கூவியது.

"பாத்தியா!" தேவநாதன் துள்ளி எழுந்தார். "தண்ணியிலயே கலந்துட்டானுங்க! போர் தண்ணியில! பங்காளி மணிமாறன் வேலதான் இது."

"அய்யோ, பேஜாரா போச்சே ஒங்களோட! சூடுன்றேன்."

"சூடுன்னு தெரிஞ்சிருந்தா, அந்தப் பொண்ணு பையத் தூக்கிக்கினு போனப்ப ஏன் வாய மூடிக்கினு இருந்த?"

அவள் கெட்டிலின் மூடியை அழுத்தி மூடினாள். அவர் அதைக் கண்டுகொண்டார். தண்ணீர்மேல் இருந்த சந்தேகம் மறுபடி கரண்டிமேல் வந்து உட்கார்ந்தது. போனை எடுத்துப் பாண்டுரங்கனைப் பிடித்தார்.

"சார், கத்தரிக்காக் கொழம்புக்குக் கூவுது சார்."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. "தேவநாதன், இத நாம சாதாரணமா எடுத்துக்கக் கூடாது," என்றார் பாண்டுரங்கன். "சீனாவுல புளிக்கொழம்பு கிடையாது பாருங்க. அதனால இது புது ஆய்வு. நம்ம அடுத்த கூட்டத்துல கட்டுரையா வாசிச்சிடலாம். மிச்சக் கொழம்ப எடுத்து வையுங்க."

தேவநாதன் மிச்சக் குழம்புச் சட்டியை மூடித் தன் பக்கமாக இழுத்து வைத்துக்கொண்டார்.

தட்டில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. கிருஷ்ணவேணி கரண்டியைக் கீழே வைத்தாள். கல்யாணமான நாள் முதல் அவள் அவரிடம் ஒரு 'ங்க'வைக்கூட விட்டதில்லை. இப்போது விட்டாள்.

"கட்டிக்கினு வந்த நாளா எங்கையாலதான துன்ற. ஒங்க அம்மாவுக்கு நான்தான் கஞ்சி ஊட்னேன். ஒனக்கு மஞ்சக்காமாலை வந்தப்ப உப்பில்லாம ஆக்கிப் போட்டதும் இந்தக் கைதான். சேத்துல கெடந்தத நீ வீசப் போன, நான் கழுவி எடுத்தேன். அது சொல்றது பெருசா, நான் சொல்றது பெருசா? அதச் சொல்லு. இந்தச் சோத்த எங்கொழம்ப ஊத்தித் துன்னுவியா, மாட்டியா?"

தேவநாதன் சோற்றைப் பார்த்தார். சட்டியைப் பார்த்தார். பிறகு கிண்ணத்தின் பக்கம் தலையைச் சாய்த்து, மெருகில் காது படுமளவுக்குக் குனிந்தார். தண்ணீர் ஆறிவிட்டது. கிண்ணமும் ஒன்றும் சொல்லவில்லை. அது சொல்லட்டும் என்று அவர் அப்படியே காத்திருந்தார்.

கிருஷ்ணவேணி சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு, காலால் கதவைத் தள்ளித் திறந்து, கூடத்தைவிட்டுப் போனாள்.