சத்தம் கேட்ட முனியம்மாக்கா

முனியம்மாக்கா போய்விட்டார் என்று கடத்தூரிலிருந்து வந்த வண்டிக்காரர் சொன்னபோது விளக்கேற்றிக்கொண்டிருந்தேன். திரியைத் தூண்டிவிட்டு அவருக்காக முருகனைக் கும்பிட்டேன். கடலை மில்லில் அவரோடு முறம் பிடித்த உங்களுக்கெல்லாம் அந்தக் குரல் தெரியும். அது எங்கள் குடும்பத்துக்குச் செய்ததை நான் சொல்ல வேண்டும்.

உலகச் சண்டைக்கு முந்திய வருஷங்கள். நாங்கள் கடத்தூரில் அக்காவின் பக்கத்து வீட்டில் இருந்தோம். என் வீட்டுக்காரரின் வலக்கை மில் இயந்திரத்தில் சிக்கியது. தர்மபுரி ஆஸ்பத்திரிக்குத் தவறாமல் வந்து கட்டு மாற்றாவிட்டால் விரல்களை எடுக்க நேரும் என்றார் டாக்டர். மருந்துக்குக் கொடுத்த முதலாளி, போய்வரும் வண்டிக்கூலியான வண்டிச்சத்தம் மட்டும் கிடையாது என்றுவிட்டார். என் கொலுசு அடகுக்குப் போனது; அந்தக் காசும் தீர்ந்தது. "போதும், தானா ஆறிடும்" என்று இவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

"எந்திரி தம்பி. கேட்டா வாய் தேஞ்சா போவுது?" என்று அக்கா எங்களை மில்லுக்கு இழுத்துப்போனார். அவருக்கும் அங்கேதான் கூலி. முதலாளி முகம் சுளித்தால் அவர் வீட்டு அடுப்பும் அணையும்.

இயந்திர இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை அது. வாயைத் திறந்ததுமே முதலாளி அதட்டினார்.

"ஏ முனியம்மா, இங்க வந்து சத்தம் போடாத!"

"நான் போடலீங்க. சத்தம் போட வேண்டியது நீங்கதானுங்க. தர்மபுரிக்கு வண்டிச்சத்தம்!"

பெண்கள் முறத்தைத் தட்டிச் சிரித்தார்கள்.

"மருந்துக்குத்தான் குடுத்தனே. வண்டியா வைத்தியம் பாக்குது?"

"மருந்து அங்க, கை இங்க. ரெண்டும் சேராம எப்படீங்க ஆறும்? உங்க மாட்டுக்கு வைத்தியர் வந்தாரே, அவருக்குச் சத்தம் யாரு குடுத்தாங்க, மாடா?"

இப்போது கணக்குப்பிள்ளையே சிரித்துவிட்டார். முதலாளி மேல்துண்டால் வாயைத் துடைத்து, வந்த சிரிப்பை மறைத்தார். "எழுதிக்கய்யா. போனதுக்கும் சேத்துக் குடு. இவ வாய மூடட்டும்."

"சத்தம் வந்துட்டா சத்தம் எதுக்குங்க?" என்றார் அக்கா.

கட்டு அவிழும்வரை சத்தம் வந்தது. கொலுசும் திரும்பியது. ஐந்து விரலும் மடங்குகிற அந்தக் கைதான் நேற்று அக்காவின் பாடையைப் பிடித்தது.

பாப்பாரப்பட்டிக்குக் குடிவந்த பிறகு கடத்தூருக்கு பஸ்ஸில்தான் போய்வருகிறோம். ஆனாலும் என் கணக்கில் பிரயாணச் செலவு என்று எழுதுவதில்லை. நேற்றும், கடத்தூர் போய்வந்த சத்தம் என்றே எழுதினேன். உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதினேன்.