பால் கறக்கறது யாருங்க?

எங்கள் பக்கத்தில் யாராவது நலம் விசாரித்தால் எந்த வலியிலும் "நல்லா இருக்கறனுங்க" என்றுதான் சொல்வார்கள். நோவைச் சொல்லிக் கேட்டவரைச் சங்கடப்படுத்துவது மரியாதை இல்லையாம். இந்த மரியாதையில் என் அம்மாவை யாரும் மிஞ்ச முடியாது. மூச்சு வாங்குகிறதென்று அப்பா அவளைக் கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போனார். உள்ளே டாக்டர் கேட்டதற்கு அம்மா சிரித்த முகமாக அதே பதிலைச் சொல்லி, சத்து மாத்திரையோடு திரும்பி வந்தாள். அப்பா வெளியே செருப்புகளுக்குக் காவல் நின்றிருந்தார்.

அடுத்த வாரம் எனக்குக் காய்ச்சல். அன்னூரில் எங்கள் குடும்பத்துக்கே வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மாவிடம் அம்மா கூட்டிப்போனாள். தோட்டம் வைத்திருப்பவர், கூலிக்காரர் எல்லோருக்கும் அங்கே ஒரே பெஞ்சு. முன்னால் வந்தவர் முன்னால் போகவேண்டும். எங்களுக்கு முன்னால் போன களை வெட்டும் அக்காவிடம், "ஊட்டுல இப்பச் சோறாக்கறது யாருங்க?" என்று டாக்டரம்மா கேட்டது வெளியே எங்களுக்கே கேட்டது. ஊர்வம்பு பேசுகிற டாக்டர் என்று நினைத்தேன்.

என் நாக்கைப் பார்த்து முடித்தவர் அம்மா பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க அம்மணி, செவலை மாட்டுல இப்பப் பால் கறக்கறது யாருங்க?"

அம்மாவின் சிரிப்பு நின்றது. "இவங்கப்பாதானுங்க. எனக்குக் குனிஞ்சா கண்ணு இருட்டிப்போடுதுங்க."

டாக்டரம்மா அம்மாவின் நெஞ்சில் குழலை வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு கோயம்புத்தூர் டாக்டருக்குப் போன் போட்டு, என்ன கேட்டாலும் இந்த அம்மா நன்றாக இருப்பதாகத்தான் சொல்வார், நம்பிவிடாதீர்கள் என்று எச்சரித்தார். அம்மாவின் இதயத்தில் வால்வு ஒன்று சுருங்கியிருந்தது. அதைச் சரிசெய்து வந்த அம்மா, சில மாதம் கழித்து மறுபடி செவலையிடம் உட்கார்ந்தாள். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

மாட்டைப் பற்றி அவ்வளவு விசாரித்தவருக்குப் பால் கொடுக்காமலிருப்பது நியாயமில்லை என்று தோன்றியது. மறுநாள் ஒரு தூக்குப்போசி நிறையப் பாலோடு அப்பாவின் வண்டியில் ஏறிக்கொண்டேன்.

"இதை யாரு கண்ணு கறந்தது?"

"அம்மாங்க."

டாக்டரம்மா போசியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முகமெல்லாம் சிரிப்பு.

பாவம், பால் என்றால் அவருக்கு எவ்வளவு ஆசை என்று நினைத்துக்கொண்டேன்.