மகளின் இசைக்கு வெளியே நின்றேன்

என் மனைவி இறந்த அடுத்த ஆண்டு, மகள் கயல் தான் எழுதிய நவீன செவ்வியல் இசையைக் கேட்க என்னை அழைத்தாள். செம்பவாங்கில் இருக்கும் வீட்டிலிருந்து எம்ஆர்டி ரயில் ஏறி அரங்குக்குப் போனேன்.

மேடையில் ஒரே ஒரு செல்லோ, பெரிய வயலின் மாதிரியான வாத்தியம். கரகரப்பாக ஒரு நீண்ட இழுப்பு, பிறகு மௌனம். மறுபடி இழுப்பு, மறுபடி மௌனம். மெட்டு இப்போது வரும், அப்போது வரும் என்று பத்து நிமிடம் காத்திருந்தேன். "இதுல பாட்டு எங்க லா?" என்று உடன் வந்த நண்பரிடம் முணுமுணுத்துவிட்டு எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

வெளிக்கூடத்து ஒலிபெருக்கியிலும் அதே இசைதான். ஒவ்வொரு இழுப்புக்கும் பிறகு மௌனம் நீண்டுகொண்டே போனது. அடுத்தது வருமா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மருத்துவமனையில் மனைவியின் கட்டிலருகே, கடைசி நாளன்று, நானும் கயலும் இப்படித்தான் நின்றோம்.

கதவுக்கு ஓடினேன். "முடியிற வரைக்கும் திறக்க முடியாது அங்கிள், சாரி," என்றாள் பணிப்பெண்.

எல்லாம் முடிந்து கயல் வந்தாள்.

"அது அம்மாவோட மூச்சாம்மா?"

தலையசைத்தாள். "நீங்களே கண்டுபிடிப்பீங்கன்னுதான் முன்னாடியே சொல்லலப்பா. நீங்க எழுந்து போனதைப் பார்த்தேன்." குரலில் கோபமே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அதன்பின் அவள் என்னைத் தன் எந்த நிகழ்ச்சிக்கும் அழைக்கவில்லை. நானே டிக்கெட் வாங்கிப் போகிறேன். பாதி புரிவதில்லை. ஆனாலும் கடைசி ஒலி அடங்கும்வரை எழுந்திருப்பதில்லை.