மூன்றாவது ரீலில் இடைவேளை

"இருட்டறைக்குள்ள நிண்டு ரீல் சுத்தவோ பிள்ளை உன்னைப் படிப்பிச்சனான்?"

நான் ஆபரேட்டர் வேலையில் சேர்ந்த அன்று அப்பா கேட்டது இது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா வன்னியில் கூலி வேலை செய்தவர். ஆக்லாந்துக்கு வந்தபின் ஒனிஹங்காவில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி ஏற்றினார். நான் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளோமா முடித்ததை நாங்கள் குடியிருந்த மவுண்ட் ரோஸ்கில் முழுக்கச் சொல்லித் திரிந்தார். அவர் மனதில் இருந்தது ஓர் அலுவலகமும் மேசையும். நான் போய் நின்றதோ ஒரு பழைய தியேட்டரின் புரொஜெக்டர் அறையில்.

இந்த வேலைக்கு வர நினைக்கும் பெண்களுக்காக அந்த அறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். இரண்டு மெஷின்கள் அருகருகே இருக்கும். ஒரு ரீல் முடியப் போகும்போது திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி தோன்றி மறையும். உடனே அடுத்த மெஷினின் மோட்டாரைப் போட வேண்டும். இரண்டாவது புள்ளி வந்ததும் படத்தை அதற்கு மாற்ற வேண்டும். இதற்குச் சேன்ஜ் ஓவர் என்று பெயர். கீழே இருப்பவர்கள் யாருமே இதைக் கவனிக்கவில்லை என்றால் நீங்கள் நல்ல ஆபரேட்டர்.

வராத படம்

அந்தக் காலத்தில் சில ஞாயிறு காலைகளில் எங்கள் தியேட்டரை வாடகைக்கு எடுத்துத் தமிழ்ப் படம் போடுவார் சிவா அண்ணை. பிரதி சிட்னியிலிருந்து விமானத்தில் வரும். அப்படி ஒரு ஞாயிறுக்கு அப்பாவையும் அம்மாவையும் கெஞ்சிக் கூட்டி வந்திருந்தேன். "ஒருக்கா வந்து பாருங்கோ அப்பா. பிறகு நீங்கள் என்ன சொன்னாலும் கேக்கிறன்" என்று வாக்கும் கொடுத்திருந்தேன். அவர் வேண்டாம் என்றால் வேலையை விட வேண்டும்.

ஹால் நிறைந்துவிட்டது. படம் வரவில்லை. பெட்டி இன்னும் சிட்னி விமான நிலையத்தில் கிடக்கிறது என்று போனில் சொன்னார்கள்.

"சனம் இண்டைக்கு என்னை உரிச்சு உப்புத் தடவும்" என்றார் சிவா அண்ணை.

என் அறையில் ஐந்து ரீல் டப்பாக்கள் இருந்தன. மாலைக் காட்சிக்கு வந்த பழைய காதல் நகைச்சுவைப் படம். பேசும் படங்கள் வந்துவிட்ட பிறகும் நடிகர்களைப் பேச விடாமல் இசையை மட்டும் சேர்த்து எடுத்தது. முந்தின நாள்தான் அதைச் சோதித்து ஓட்டிப் பார்த்திருந்தேன். "அண்ணை, இதைப் போடுவம்" என்றேன்.

"பேசாத படமோ? எங்கட சனம் பேசுற படத்துக்கே பக்கத்தில இருந்து கதைக்குதுகள்!"

இடைவேளைக்கு வடை விற்கும் மதுரைக் கமலா அக்கா கதவருகில் நின்றார். "அப்ப நல்லதுதானே சிவா? ஜனங்க பேசட்டும், படம் சும்மா இருக்கட்டும். என் வடை வீணாகாம இருந்தா சரி."

பிரதியின் சொந்தக்காரர் அதே நகரத்தில், பிளாக்ஹவுஸ் பே என்ற பகுதியில் இருந்தார். போன் செய்தேன். கீறல் விழாமல் திருப்பிக் கொடுத்தால் போதும் என்றார்.

எனக்கு வேறொரு பயம் இருந்தது. அந்தப் படத்தின் கதாநாயகன் உயரமான கட்டடங்களின் கண்ணாடி துடைப்பவன். அவனுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. படம் அதைக் கடைசி ரீலில்தான் சொல்கிறது. என் அப்பாவுக்கும் வாசிக்கத் தெரியாது. அந்த ஹாலில் அது அம்மாவுக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். யாராவது எதையாவது வாசிக்கக் கொடுத்தால், "கண்ணாடியை வீட்டில விட்டிட்டு வந்திட்டன்" என்பார். அவரிடம் மூக்குக் கண்ணாடியே கிடையாது.

இரண்டா, மூன்றா

பழைய படங்களின் சட்டகம் கிட்டத்தட்டச் சதுரம். லென்சையும், சட்டகத்துக்கு அளவாக ஒளியை விடும் அபர்ச்சர் பிளேட்டையும் மாற்றாமல் ஓட்டினால் திரையில் எல்லோருக்கும் தலை போய்விடும். மாற்றிவிட்டு ஓட்டினேன்.

முதலில் முணுமுணுப்பு. பிறகு கதாநாயகன் கயிற்றுப் பலகையில் ஆடி ஆடி ஆறாம் மாடிக்கு இறங்க, உள்ளே தட்டச்சு செய்யும் பெண் பயந்து எழுந்தாள். திறக்க முடியாத ஜன்னல். அவர்கள் சைகையிலேயே பழகினார்கள். அவன் சோப்பு நுரையில் தனக்கு மீசை வைத்துக் காட்டியபோது ஹால் அதிர்ந்தது. இடையிடையே ஆங்கிலத்தில் எழுத்து வந்தால் வாசித்துச் சொன்னவர்கள் குழந்தைகள். வீட்டில் எதைக் கேட்டாலும் இங்கிலீஷில் பதில் சொல்லும் பிள்ளைகள்! "அங்கிள், அவ நாளைக்கும் வரச் சொல்லுறா" என்று ஒரு சிறுமி யாருக்கோ கத்தினாள்.

சிவா அண்ணை படியேறி வந்தார். "பிள்ளை, ரெண்டாம் ரீலோட இடைவேளை விடு. வடை ஆறுது."

வெள்ளைக்காரர்களின் படத்தில் இடைவேளை கிடையாது. எங்கே வெட்டுவது என்பது என் கையில் இருந்தது. இரண்டாவது ரீல் ஒரு நாய் துரத்தும் சிரிப்போடு முடியும். ஆபத்தில்லாத இடம். மூன்றாவது முடியும் இடம் வேறு. அவளுக்கு வேலை மாற்றம். நாளை முதல் இங்கே இல்லை என்பதை உதட்டுச் சாயத்தால் கண்ணாடியின் உட்பக்கம், அவனுக்கு நேராகத் தெரியும்படி திருப்பி எழுதுகிறாள். அவன் வெளியிலிருந்து அதைத் துணியால் தேய்க்கிறான், தேய்த்துக்கொண்டே இருக்கிறான். அவள் முகம் வாடித் திரும்புகிறது.

அங்கே விளக்கைப் போட்டால் சனம் அதையேதான் பேசும், அப்பா அவர்கள் நடுவில் நிற்பார். சிறு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அப்பா நாற்காலி நுனியில், முன்சீட்டைப் பிடித்தபடி இருந்தார். எந்தப் படத்துக்கும் அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"மூண்டாவதிலதான் அண்ணை" என்றேன்.

வடையோடு ஒரு வழக்கு

நான் கீழே இறங்கியபோது சண்டை தொடங்கியிருந்தது.

"அவனுக்கு அவ மேல விருப்பமில்லை. அதுதான் அழிக்கிறான்" என்றார் சிவா அண்ணை.

"விருப்பம் இல்லாதவன் மீசை வச்சுக் காட்டுவானா? கோவம் அவனுக்கு. சொல்லாம கொள்ளாம போறாள்ல?" என்றார் கமலா அக்கா, வடையை நீட்டியபடி.

"கோவமில்லை" என்றது அப்பாவின் குரல்.

எல்லோரும் திரும்பினார்கள். நான் அம்மாவைப் பார்த்தேன்.

"அவனுக்கு வாசிக்கத் தெரியாது. அது எழுத்தெண்டு அவனுக்கு விளங்கேல்லை. அழுக்கெண்டு நினைக்கிறான். அவளின்ர கண்ணாடி துப்பரவா இருக்கோணுமெண்டு தேய்க்கிறான்."

"அதெப்பிடி அண்ணை உங்களுக்குத் தெரியும்? படத்தில சொல்லேல்லையே" என்றார் சிவா அண்ணை.

அப்பா தேநீரை ஒரு வாய் குடித்தார். "எனக்கும் வாசிக்கத் தெரியாது தம்பி."

யாரும் சிரிக்கவில்லை. கமலா அக்கா இன்னொரு வடையை எடுத்து அப்பாவின் தட்டில் வைத்தார். "அப்ப நீங்களே சொல்லுங்கண்ணே. அவளைத் திரும்பக் கண்டுபிடிப்பானா?"

"பிடிப்பான்" என்றார் அப்பா. "தேய்ச்சும் போகாத கறையை அவன் மறக்க மாட்டான்."

கடைசி ரீலில் அவன் அதேபோன்ற சிவப்புக் கறையைத் தேடித்தான் நகரத்துக் கண்ணாடிகளை எல்லாம் துடைத்து அவளைக் கண்டுபிடிக்கிறான். ஆனால் அப்பா அதை இருக்கையிலிருந்து பார்க்கவில்லை. என் பின்னால் படியேறி அறைக்கு வந்துவிட்டார். நான் என்ன பார்க்கிறேன் என்று கேட்டார். புள்ளியைப் பற்றிச் சொன்னேன். சிறு ஜன்னலை விட்டு அவர் நகரவே இல்லை.

"பிள்ளை, புள்ளி!" என்றார் திடீரென்று. மோட்டாரைப் போட்டேன். "ரெண்டாவது!" மாற்றினேன். கீழே ஒருவரும் கவனிக்கவில்லை.

நான் கற்றது இதுதான். எங்கே நிறுத்துவது என்று படப்பெட்டியில் எழுதி வராது. கீழே யார் இருக்கிறார்கள் என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பயந்து இரண்டாவதில் நிறுத்தியிருந்தால் வடை சூடாக இருந்திருக்கும்.

வேலையை விடச் சொல்லி அப்பா பிறகு கேட்கவில்லை. இத்தனை வருடம் கழித்து, வரும் மாதம் ஒரு ஞாயிறு காலைக்கு ஹாலை இந்த முறை என் பெயரிலேயே எடுத்திருக்கிறேன். இன்னொரு பேசாத படம். டப்பாக்களை பிளாக்ஹவுஸ் பேயிலிருந்து நேற்றே காரில் கொண்டுவந்துவிட்டோம். தூக்கி ஏற்றியவர் அப்பா.