மணத்தக்காளியும் ஒரு கத்திரியும்

மயிலாள் அக்கா என் பெரியப்பா மகள். மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில் பிசிர் வெட்டுகிறாள்; தைத்து வரும் பனியனில் துருத்தி நிற்கும் நூலை நறுக்கி அடுக்குகிற வேலை. ஆறு மாதமாக அவளுக்கு வாய்ப்புண் இருந்தது. கீழுதட்டின் உள்பக்கம், எப்போதும் இடது ஓரம்.

நான் ஜெர்மனியில் உட்கார்ந்துகொண்டு பயந்தேன். பயத்தில் வைத்தியமாக அனுப்பினேன். மணத்தக்காளிக் கீரையை மென்று விழுங்கு, தேங்காய்ப்பாலை வாயில் அடக்கி வை, கொய்யா இலையைக் கொதிக்க வைத்துக் கொப்பளி. எல்லாம் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆறின மாதிரி இருக்கும். புதன்கிழமை மறுபடி சோறு இறங்காது. மோரில் கரைத்துக் குடிப்பாள். சூப்பர்வைசர் தரணியும் வைத்தியர்தான். "உடம்புச் சூடுங்க்கா. வெந்தயம் ஊற வெச்சுக் குடிங்க."

போன மாதம் வெள்ளைப் பனியன் ஒன்றின் கழுத்தில் ஒரு சொட்டு ரத்தம். அதே தரணி, அத்தனை பேர் முன்னால், "ஒரு வாரம் ஊட்டுல இருங்க. ஆறுனா வாங்க, இல்லீனா வேற ஆளு போட்டுக்கறோமுங்க" என்றான்.

நான் அப்போது லீவில் ஊரில் இருந்தேன். டாக்டரிடம் கூட்டிப் போனேன். அவர் டார்ச் அடித்துப் பார்த்தார். "பயப்படற மாதிரி ஒண்ணுமில்ல. எதுவோ அறுக்குது. எதைம்மா கடிக்கிறீங்க?"

அக்கா யோசித்தாள். "நூலுங்க."

"கத்திரி இல்லையாக்கா?"

"ரெண்டு பேருக்கு ஒண்ணு கண்ணு. மேசையில கயித்துல கட்டியிருக்கும். பக்கத்துல மோனிஷா வெட்டறப்ப நான் பல்லுல கடிச்சு இழுத்துருவேன். நின்னா பீஸ் சேராதே, பீஸுக்குத்தானே கூலி."

"கேட்டா தரமாட்டாங்களா?"

"பனியன் வாங்கற பையர் பார்க்க வர்றன்னிக்கு ஆளுக்கொண்ணு தருவாங்க. அவரு கார் ஏறுனதும் வாங்கிப் பீரோவுல பூட்டிருவாங்க."

பீரோவில்! வெளிநாட்டுக்காரன் கண்ணுக்குக் கத்திரி, இவள் வாய்க்குக் கீரை. ஊர்ப்பட்ட இலையை மெல்லச் சொன்னோமே, வேலை நேரத்தில் அந்த வாய் என்ன செய்கிறது என்று ஒருவராவது கேட்டோமா? நானும்தான் கேட்கவில்லை.

அந்த ஒரு வாரத்தில் கீரையும் தேங்காய்ப்பாலும் அவளைக் குணமாக்கிவிட்டன. நூல் இல்லாத வாரம் அல்லவா! நான் விமானம் ஏறினேன். அவள் திங்கட்கிழமை வேலைக்குப் போனாள். நடந்ததை அவளே போனில் சொன்னாள்.

பனியன் குவிந்ததாம். கத்திரி மோனிஷா கையில். அக்கா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். தரணி ஓடி வந்தான்.

"ஏனுங்க்கா, தியானமுங்களா?"

"கத்திரிக்குக் காத்திருக்கறனுங்க."

"எப்பவும் கடிச்சுத்தானுங்க போடுவீங்க?"

"பல்லு சோறு திங்கறதுக்கு சாமி. கீரை எங்கூட்டு வேலியிலயே கெடக்குது, நான் பறிச்சுக்கறேன். நீ அந்தப் பீரோவைத் தொற."

மோனிஷா சிரித்துவிட்டு, கையிலிருந்த கத்திரியை மேசையில் வைத்தாள். அடுத்த மேசையிலும் கைகள் நின்றன. குவியல் சரிந்து தரையில் விழுந்த பிறகுதான் சாவி வந்தது.

"இப்ப ஆளுக்கொண்ணு. சாயங்காலம் வாங்கிப் பூட்ட வந்தான், குடுக்கலை" என்றாள். பேச்சுக்கு நடுவே எதையோ மென்றுகொண்டிருந்தாள்.

"என்னக்கா அது, கீரையா?"

"மொளகா பஜ்ஜி கண்ணு."