அம்மா தனக்குப் பார்த்த இடம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளின் நடுவில் என் அம்மாவுக்கு மார்பில் ஒரு கட்டி வந்து, உடைந்து, ஆறாத புண்ணாயிற்று. கோயம்புத்தூரில் பெரிய டாக்டர் பார்த்துவிட்டு அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டு, இனிமேல் செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போய் ஆசைப்பட்டதைச் சமைத்துக் கொடுங்கள் என்றாராம். அண்ணன் அதை அம்மாவிடம் சொல்லவில்லை. பஸ் வாளையாரைத் தாண்டும்போது அம்மாவே கேட்டுவிட்டாள்.

"கைய விரிச்சுட்டாங்களாக்கு?"

அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாராம்.

எலப்புள்ளியில் எங்கள் வீட்டில் அவளுக்குக் குறை வைத்தவர்கள் யாருமில்லை. அண்ணி வேளாவேளைக்குக் கஞ்சி கரைத்துக் கொடுத்தாள். கம்பவுண்டர் ஒருவர் சைக்கிளில் வந்து கட்டு மாற்றினார். ஆனால் புண்ணோடு ஒட்டிக்கிடந்த துணியை அவர் ஒரே இழுப்பில் பிய்ப்பார். அந்த நேரத்தில் அம்மா போடும் சத்தம் களத்துமேடு வரை கேட்கும். நாளாக ஆக அறையில் வீச்சம் கூடிற்று. ஒறம்பரை என்று சொந்தபந்தங்கள் வந்தால் வாசற்படியிலேயே நின்று, "எப்படி இருக்கறீங்க?" என்று கேட்டுவிட்டு மூச்சை அடக்கிக்கொண்டு திரும்பிப் போவார்கள். நாத்தம் அடிக்குதா என்று அம்மா கேட்டால், "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்பார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன்.

என்னைக் கட்டிக்கொடுத்தது கோபாலபுரத்தில். அங்கே எல்லைச் செக்போஸ்ட்டுக்கு அருகே, மெயின் ரோட்டிலிருந்து விலகி ஒரு மண்பாதை போகும். அதன் கடைசியில் ஒரு பழைய நிலக்கடலைக் குடோன். அதைச் சில கன்னியாஸ்திரீகள் வாங்கி, ஆஸ்பத்திரிகள் கைவிட்டவர்களைக் கடைசிவரை வைத்துப் பார்த்துக்கொள்வதாக ஊரில் பேசிக்கொண்டார்கள். அதற்கென்று அப்போது எங்களிடம் ஒரு பெயரும் இல்லை. 'சாகப் போறவங்க ஊடு' என்றுதான் சொல்வார்கள். ஒருநாள் அண்ணனிடம் மெதுவாக அதைச் சொன்னேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"பெத்தவளக் கொண்டுபோயி வேதக்காரங்ககிட்டத் தள்ளிட்டான்னு ஊரே காறித் துப்பும், அம்மிணி. நா உசுரோட இருக்கறப்ப அது நடக்காது."

உள்ளே இருந்து அம்மாவின் குரல் வந்தது.

"ஆரு தள்ளறது? நா போயிப் பாத்துட்டுச் சொல்றேன். புடிச்சா இருந்துக்கறேன். புடிக்காட்டி வந்தர்றேன்."

இங்கே என் அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது ஆண்கள் எல்லோரும் முன்கூடத்தில் உட்கார்ந்து, கிணறு எத்தனை, தென்னை எத்தனை என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மா நேரே பின்னால் பொடக்காலிக்குப் போய்விட்டாள். குளிக்கவும் பாத்திரம் துலக்கவும் கொல்லையில் இருக்குமே, அந்த இடம். அங்கே படுத்த படுக்கையாகிவிட்ட அந்த வீட்டுப் பெரியவரின் வேட்டிகள் கொடியில் வெள்ளையாகக் காய்ந்துகொண்டிருந்தன. திரும்பி வந்து, "குடுக்கலாம்" என்று ஒரே வார்த்தை சொன்னாள். என் கல்யாணம் அப்படித்தான் முடிவாயிற்று. முன்கூடத்தை யார் வேண்டுமானாலும் கூட்டிப் பெருக்கி வைத்துவிடலாம் என்பது அவள் எண்ணம்.

ஒரு வாடகை அம்பாசிடரில் பின்சீட்டு முழுவதும் தலையணை அடுக்கி, அம்மாவைச் சாய்த்து உட்காரவைத்துக் கூட்டிப் போனோம். அண்ணன் முன்சீட்டில் ஏறிக்கொண்டார். கரிம்பனைகளில் காற்று மோதி ஓலைகள் சடசடத்தன. ஒவ்வொரு பள்ளத்திலும் அம்மா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

குடோன் வாசலில் கண்ணாடி போட்ட ஒரு சிஸ்டர் வந்து எங்களை வரவேற்றார். தலைமைப் பொறுப்பு அவருக்குத்தான். மலையாளி. தமிழ் பேசுவார், ஆனால் இடையிடையே அவருடைய பாஷை எட்டிப் பார்க்கும். முன்னறையில் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். அம்மா உட்காரவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றவாறே கேட்டாள்.

"பொடக்காலி எங்கீங்க?"

சிஸ்டருக்குப் புரியவில்லை. நான் விளக்கிச் சொன்னேன். அவர் தயங்கினார்.

"இப்போ அங்க போக வேண்டாம், அம்மா. ஒருத்தர் காலையில மரிச்சுப் போச்சு. அவங்களைக் குளிப்பாட்டிட்டிருக்கு. கொஞ்சம் கழிஞ்சு போகலாம்."

அண்ணன் உடனே கார் பக்கம் திரும்பினார். "கெளம்பலாமுங்கம்மா. வந்ததும் வராததுமா இது என்ன சகுனம்?"

"இருடா," என்றாள் அம்மா. "அதத்தான் பாக்கோணும்."

சிஸ்டர் ஒரு நிமிஷம் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு முன்னால் நடந்தார்.

பின்பக்கம் ஓலைத் தடுப்புக்குள் ஒரு கல்மேடை. அதில் ஒரு கிழவியின் உடலைக் கிடத்தியிருந்தார்கள். நெற்றியில் பொட்டு வைத்த ஒரு நடுவயதுப் பெண், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். மாட்டுப்பட்டிப் பக்கம் தேயிலை எஸ்டேட்டில் வேலை பார்த்துவிட்டு இங்கே உதவிக்கு வந்தவள் என்று பிறகு தெரிந்தது. பக்கத்தில் அண்டாவிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. அவள் முழங்கையைத் தண்ணீரில் விட்டுச் சூடு பார்த்தாள். கொஞ்சம் பச்சைத் தண்ணீர் கலந்தாள். மறுபடி பார்த்தாள். அப்புறம்தான் உடலில் ஊற்றினாள்.

"கையத் தூக்குதேன் ஆத்தா," என்றாள் பிணத்திடம். "இந்தா, ஆச்சு. இனி தலைக்கு ஊத்துதேன், கண்ண மூடிக்கிடுங்க."

ஏற்கெனவே மூடியிருந்த அந்தக் கண்களில் தண்ணீர் விழாதபடி நெற்றியில் தன் உள்ளங்கையால் அணைகட்டினாள்.

சாவு வீட்டில் குளிப்பாட்டுவதை நான் பார்க்காதவள் அல்ல. குடம் குடமாக ஊற்றிச் சீக்கிரம் முடிப்பார்கள். இப்படிப் பதம் பார்த்து யாரும் ஊற்றி நான் பார்த்ததில்லை.

"இவங்களுக்குச் சொந்தக்காரங்க?" என்று அம்மா கேட்டாள்.

"ஆருமில்ல," என்றார் சிஸ்டர். "பாலக்காட்டு பஸ் ஸ்டாண்டுல கிடந்தாங்க. பேர்கூட அறியாது."

அம்மா அந்த எஸ்டேட் பெண்ணைப் பார்த்துக் கேட்டாள். "ஏனுங்க, செத்தவளுக்கு எதுக்குங்க சுடுதண்ணி?"

அவளுக்கு அந்தக் கேள்வியே விளங்காததுபோல நிமிர்ந்து பார்த்தாள்.

"நேத்து வரைக்கும் சுடுதண்ணியிலதானம்மா குளிச்சாக. இன்னைக்கு மட்டும் எதுக்கு மாத்தணும்?"

சொல்லிவிட்டு அவள் கால்விரல்களின் இடுக்குகளைத் தேய்க்கத் தொடங்கினாள். அண்ணன் தலையில் கட்டியிருந்த துண்டை எப்போது அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டார் என்று எனக்குத் தெரியாது. நான் திரும்பிப் பார்த்தபோது அது அவர் கையில் இருந்தது.

அம்மா அதோடு விடவில்லை. உள்ளே கூட்டிப் போய்க் கட்டிலில் உட்காரவைத்ததும், "என்ற கட்ட அவுத்து மாத்துங்க. பாக்கறேன்" என்றாள். கம்பவுண்டரை நினைத்து அவள் விரல்கள் கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டதை நான் கவனித்தேன்.

சிஸ்டர் கையைக் கழுவிவிட்டு வந்து, கட்டின் மேல் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டார். துணி முழுக்க நனைந்தது. அதன் பிறகு அவர் எதுவும் செய்யவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, உங்கள் ஊரில் இந்த வருஷம் மழை எப்படி, நெல்லா கடலையா என்று விசாரித்தார். அம்மா கடலை போட்டதையும் காட்டுப்பன்றி வந்து கிளறியதையும் சொன்னாள். இன்னும் கொஞ்சம் தண்ணீர். இன்னும் கொஞ்சம் பேச்சு. எவ்வளவு நேரம் ஆயிற்றோ, பேச்சின் நடுவே துணி தானாகவே நெகிழ்ந்து அவர் கையோடு வந்துவிட்டது. அம்மா சத்தம் போடவில்லை. பன்றிக்கதையைக்கூட நிறுத்தவில்லை.

பிறகுதான் குனிந்து பார்த்தாள்.

"எடுத்துட்டீங்களா?"

"எடுத்தாச்சு."

அம்மா சிஸ்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். புண் திறந்து வீச்சம் அறை முழுக்கப் பரவியிருந்தது. நான் முந்தானையை மூக்குவரை கொண்டுபோய், கூச்சப்பட்டு இறக்கிவிட்டேன்.

"நாத்தம் அடிக்குதுங்களா?"

"அடிக்குது அம்மா," என்றார் சிஸ்டர். "ரணம் அல்லே, அடிக்கும். தினம் கழுவினா கொறையும், முழுசாப் போகாது. காத்து வர்ற ஜன்னல் பக்கம் கட்டில் போட்டுத் தரேன்."

அவ்வளவு நாளில் அம்மாவிடம் உண்மை சொன்ன முதல் ஆள் அவர்தான். அம்மாவின் உடம்பு அப்படியே தளர்ந்து தலையணையில் சாய்ந்தது. சாய்ந்தபடியே தன் நிபந்தனைகளைச் சொன்னாள். உங்க சாமி எனக்கு வேண்டாம். என் முருகன் படம் தலைமாட்டில் இருக்க வேண்டும். தினமும் திருநீறு பூசிக்கொள்வேன். செத்தால் எங்கள் தோட்டங்காட்டில்தான் எரிக்க வேண்டும். சிஸ்டர் ஒவ்வொன்றுக்கும் சரி என்று தலையாட்டினார். கடைசியில் அவரும் ஒன்று கேட்டார்.

"வலி வந்தா மறைக்காமச் சொல்வீங்களா?"

"சொல்றனுங்க," என்றாள் அம்மா. அண்ணனைப் பார்த்து, "நா இங்கயே இருந்துக்கறன் சாமி. துணிமணியக் கொண்டாந்து குடு" என்றாள்.

அண்ணன் அந்தக் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து குலுங்கி அழுதார். அப்பா போனபோதுகூட அவர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

அந்த இடத்தில் எல்லாமே சரியாக இருந்தது என்று சொன்னால் பொய். மழைக்காலத்தில் ஓடு ஒழுகிற்று. கட்டிலை இழுத்து இழுத்துப் போட வேண்டியிருந்தது. சாப்பாடு அம்மாவுக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. சிவப்பரிசிக் கஞ்சியும் தேங்காயெண்ணெயும் அவளுக்கு ஆகாது. நான் கோபாலபுரத்திலிருந்து தூக்குப்போசியில் ரசம் கொண்டுபோவேன். வலிக்கான மருந்து கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டும், சில சமயம் வராது. அப்படி ஒருநாள் மத்தியானம் வலி தாங்காமல் அம்மா முனகிக்கொண்டிருந்தாள். சிஸ்டர் வந்து, "மருந்து இன்னிக்கு வரலை, அம்மா. நாளைக்கும் உறப்பில்லை, வருமோ வராதோ" என்று நேராகச் சொன்னார். சொல்லிவிட்டுப் போய்விடவில்லை. சாயங்காலம் ஜெப மணி அடிக்கும்வரை அம்மாவின் முதுகைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். வலி போகவில்லை. ஆனாலும் அம்மா நடுவில் கொஞ்சம் தூங்கினாள்.

எனக்கு இன்றும் வியப்பாக இருப்பது அம்மா அங்கே மாறியதுதான். எலப்புள்ளியில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்தவள், இங்கே பக்கத்துக் கட்டில்காரியுடன் சண்டை போட்டாள், சமாதானம் ஆனாள். ஜன்னலுக்கு வெளியே சிஸ்டர்கள் போட்டிருந்த மிளகாய்ச் செடியில் இலை சுருண்டதைப் பார்த்து, சாம்பல் தூவச் சொல்லி அதட்டினாள். செத்துப்போகப் போகிறவளாக அவளை அங்கே யாரும் நடத்தவில்லை. அதனால் அவளுக்கும் அது பாதி நாள் மறந்துபோயிற்று.

ஒருநாள் பொள்ளாச்சியிலிருந்து ஒரு குடும்பம் தங்கள் தகப்பனாருக்காக இடம் பார்க்க வந்தது. சிஸ்டர் அவர்களை எங்கும் சுற்றிக் காட்டவில்லை. நேரே அம்மாவின் கட்டிலுக்கு அழைத்துவந்து, "இவங்களைக் கேளுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அம்மா எழுந்து உட்கார முயன்று முடியாமல் படுத்தபடியே பேசினாள்.

"கஞ்சி வாயில வெக்க முடியாதுங்க. மழை பேஞ்சா நனையோணும். மருந்து இருந்தா உண்டு, இல்லாட்டி இல்ல. அத மொதல்ல தெரிஞ்சுக்குங்க." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "ஆனா இங்க ஒருத்தரும் மூஞ்சியத் திருப்ப மாட்டாங்க. உங்க அய்யனையும் கூட்டியாந்து காட்டுங்க. அவரே பாக்கட்டும்."

வந்தவர்களில் மூத்தவர் அம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். அவ்வளவு துல்லியமாக, அவ்வளவு தைரியமாகத் தன் சாவுக்கான இடத்தைப் பற்றிப் பேசுகிறவள் என்னைப் பெற்றவள்தானா என்று நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

காற்றுக்காலம் தொடங்கியபோது அம்மா போனாள். காலை வெயில் ஏறும் நேரம். நானும் அந்த எஸ்டேட் பெண்ணும் பக்கத்தில் இருந்தோம். அம்மா தண்ணீர் கேட்டாள், இரண்டு ஸ்பூன் இறங்கிற்று, மூன்றாவது கடைவாயில் வழிந்தது. முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. அண்ணன் வந்து பார்த்ததும், உடலை வேனில் எடுத்துப் போனோம். சிஸ்டர்கள் மண்பாதையின் முனைவரை கூடவே நடந்து வந்தார்கள். வேன் மெயின் ரோட்டில் ஏறும்வரை நின்றார்கள்.

அம்மா கேட்டபடியே எங்கள் காட்டில் அவளை எரித்தோம். ஊரில் ஒரு சிலர் பேசத்தான் செய்தார்கள். பெற்றவளைக் கடைசிக் காலத்தில் வெளியே விட்டுவிட்டான் என்று அண்ணனின் காதுபடவே சொன்னார்கள். காரியம் முடிந்த அன்று பந்தலுக்கடியில் பெரியவர் ஒருவர் அதையே முகத்துக்கு நேராகக் கேட்டபோது, அண்ணன் கோபப்படுவார் என்று பயந்தேன். அவர் நிதானமாகத்தான் பதில் சொன்னார்.

"நாங்க உடலீங்க. அம்மா போயிப் பாத்தாங்க, புடிச்சுது, இருந்தாங்க. என்ற ஊட்டுல நா இவ்வளவு நல்லா வெச்சுப் பாத்திருக்க மாட்டேனுங்க."

அண்ணன் எழுந்து, பந்திக்கு இலை போடச் சொல்லப் போனார்.